ஜாம் போத்தல் விளக்கும் சில சிறு சந்தோசங்களும்

2022 ஆம் ஆண்டின் கடைசி மாதம். கொட்டாஞ்சேனையில் பெண்கள் குழுவொன்றின் கூட்டம் நடைபெற்றது. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் யுத்த காலத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலிருந்து கொழும்புக்கு வந்து, வாடகை அறைகளில் வாழத் தொடங்கியவர்கள். கணவனை இழந்தவர்களும், பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்களும், தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்களும் அங்கே இருந்தார்கள்.

நுகேகொடையிலிருந்து சென்றிருந்த நான் வழமைபோல ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, "இந்த வருடம் நாங்கள் பட்ட கஷ்டங்கள்" என்று தலைப்பிட்டேன். அரை மணித்தியாலத்தில் தாள் நிரம்பிவிட்டது. காஸ் இல்லை, பால்மா இல்லை, மருந்து இல்லை, வேலை இல்லை, வாடகை கூடிவிட்டது, பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை.

அப்போது மூலையில் அமர்ந்திருந்த, அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் சொன்னார்:

"பிள்ளை, வாற ஆக்கள் எல்லாரும் எங்களிட்டைக் கஷ்டத்தைத்தான் கேக்கிறியள். அழுத நாளைச் சொன்னால் உடனை எழுதுறியள். இந்த வருசத்திலை நாங்கள் சிரிச்ச நாள் ஒண்டும் இல்லையெண்டு நினைக்கிறியளோ?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு தாளை எடுத்து முதல் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதற்குத் தலைப்பு எதுவும் போடவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு ஒருவர் சிரித்தார். அதன் பிறகு கூட்டம் முடிவதற்கு இரண்டு மணித்தியாலம் சென்றது.

அந்த இரண்டாவது தாளில் எழுதப்பட்டவற்றில் சிலவற்றை அவர்களது அனுமதியுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். அவர்கள் விரும்பியபடி பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

எப்படிப்பட்ட ஆண்டு அது?

2022 ஐ எம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. நாட்டின் அந்நியச் செலாவணி கையிருப்பு வற்றிப்போனதால் எரிபொருளும் எரிவாயுவும் மருந்தும் இறக்குமதி செய்ய வழியில்லாமற் போனது. மார்ச் 31 ஆம் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலங்களை எட்டியது. அன்றிரவுதான் நுகேகொடைக்கு அருகில் மிரிஹானையில், அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் தனிப்பட்ட இல்லம் இருந்த பக்கமாக மக்கள் திரண்டார்கள். நுகேகொடை உட்படப் பல பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஊரடங்கு என்ற சொல் காதில் விழுந்ததும், எமக்குத் தெரிந்த ஒரு தாய் முதலில் வாளிகளில் தண்ணீர் நிரப்பினார். அடுத்ததாக எல்லோருடைய அடையாள அட்டைகளையும் எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்ற நிலை வந்தது. ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமாகவும், உணவுப் பொருட்களுக்கான பணவீக்கம் 94.9 வீதமாகவும் உயர்ந்தன. உலக வங்கியின் கணிப்பின்படி, 2021 இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022 இல் 25 வீதமாகியது.

இலங்கையில் ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பம் பெண் தலைமைதாங்கும் குடும்பமாகும். அந்த வீடுகளில் விலைவாசி ஏறும்போது முதலில் குறைவது தாயின் சோறு. இந்த உண்மையை மறைத்துவிட்டு மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. ஆகவே முதலாவது தாளைக் கழற்றாமல் அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது தாளை வைத்துப் பார்ப்போம்.

"எங்களுக்கு இது தெரியும்"

இரண்டாவது தாளில் முதலாவதாக எழுதப்பட்டது ஜாம் போத்தல் விளக்கு.

1990 இல் வடக்கில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பெற்றோல், சவர்க்காரம் போன்றவை கிடைப்பதரிதாயின. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில்தான். போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியால் நிறுத்திய மெல்லிய நூற்திரி. போத்தலின் சுவர் சுடரைக் காற்றிலிருந்து காக்கும். கொஞ்ச எண்ணெயில் நெடுநேரம் எரியும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டதும், பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்ததும் அதே காலந்தான்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வாழும் ஐம்பத்தைந்து வயது அக்கா ஒருவர், முப்பது வருடங்களாக அந்த விளக்கைப் பற்றித் தன் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தார். 2022 மார்ச்சில் மெழுகுதிரியின் விலை ஏறியபோது, பழைய ஜாம் போத்தலொன்றைக் கழுவி எடுத்து விளக்குச் செய்தார். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டாள். அன்றிரவு விளக்கு அணையும்வரை தாய் கதை சொன்னார். அடுத்த நாள் அதே மாடியிலிருந்த இரண்டு சிங்களக் குடும்பத்துப் பெண்களும் ஒரு முஸ்லிம் பெண்ணும் வெறும் போத்தல்களுடன் வந்து வாசலில் நின்றார்கள்.

"அகதியா வந்தவள் எண்டுதான் என்னை எல்லாருக்கும் தெரியும். அண்டைக்குத்தான் முதல்முதலா நான் அவையளுக்கு ரீச்சர்" என்றார் அந்த அக்கா.

கொட்டாஞ்சேனையில் இன்னொருவர் மரத்தூள் அடுப்புச் செய்துகாட்டினார். ஒரு பழைய தகரத்தின் அடிப்பக்கச் சுவரில் துளையிட்டு, அதற்கூடாக ஒரு தடியையும் நடுவில் நிமிர்த்தி ஒரு போத்தலையும் வைத்து, சுற்றிவர மரத்தூளை இறுக்கி அடைந்துவிட்டு, போத்தலையும் தடியையும் மெதுவாக உருவியெடுத்தால் அடுப்பு ஆயத்தம். புகை வருமாதலால் திறந்த வெளியில்தான் இதை எரிக்க வேண்டும். அறைக்குள் எரிப்பது ஆபத்து. இடமில்லாதவர்களுக்கு இன்னொருவர் வேறு வழி சொன்னார். அரிசியைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, பானையை இறுக மூடி, பழைய போர்வைகளால் சுற்றி வைத்துவிட்டால், உள்ளே அடங்கிய சூட்டிலேயே சோறு வெந்துவிடும். காஸ் மிச்சம்.

யுத்தம் எமக்குத் தந்தது இழப்பு மட்டுமே என்றுதான் நாம் சொல்லிவந்திருக்கிறோம். இழப்புக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலத்தைக் கடந்து வருவதற்காக நாமே கண்டுபிடித்த அறிவு எமக்குச் சொந்தமானது. அது இன்னொருவருக்கு உதவியபோது இந்தப் பெண்கள் அடைந்த பெருமிதத்தை அவர்களின் முகங்களில் பார்த்தேன்.

வரிசையில் ஒரு கொப்பி

இரண்டாவதாக எழுதப்பட்டது காஸ் வரிசை. இதைக் கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதலாவது தாளிலும் அதுதான் முதலில் இருந்தது.

கொழும்பில் தமிழர்களுக்குப் பதிவு என்ற சொல் நல்ல நினைவுகளைத் தருவதில்லை. யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு அறையில் நிம்மதியாக உறங்க முடியாது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில், கொழும்பில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. எங்கள் குழுவிலுள்ள ஒருவர் அன்று அந்த பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்.

2022 மே மாதம் அவர் காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் மற்றச் சிலிண்டர்களோடு பிணைத்துவிட்டு வரிசையில் இரண்டு நாட்கள் காத்திருந்தார். இடம் பிடிப்பதில் சண்டை வந்தது. யாரோ ஒரு பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்து, வந்த ஒழுங்கில் பெயர் எழுதுவோம் என்றார்கள். சிங்களமும் தமிழும் எழுதத் தெரிந்தவர் அந்த இடத்தில் இவர் ஒருவர்தான். ஆகவே கொப்பி இவர் கைக்கு வந்தது. இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை பெயர் கூப்பிடுவார். வயதான பெண்களை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லி, அவர்களின் இடத்தைப் பாதுகாத்தார். ஒரு சிங்களப் பெண் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் கைக்குழந்தையை இவரது மடியில் விட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போய்வந்தார்.

"முந்தி எங்களைப் பதிஞ்சாங்கள். இப்ப நான் கொட்டாஞ்சேனையையே பதிஞ்சன்" என்று அவர் சொன்னபோது கூட்டம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் கொப்பி இன்னமும் அவரிடம் இருக்கிறது.

ஒரு கோப்பைக் கஞ்சி

மூன்றாவது விடயத்தை இந்தத் தாளில் எழுதலாமா என்று பெண்களுக்குள்ளே விவாதம் எழுந்தது.

2022 மே 18 ஆம் திகதி காலிமுகத்திடலில், ஏப்ரல் 9 முதல் போராட்டம் நடந்துகொண்டிருந்த இடத்தில், முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடைபெற்றது. விளக்கேற்றப்பட்டது. 2009 இல் அந்த மணற்திட்டில் மக்களின் உயிரைத் தாங்கிய அதே கஞ்சி அங்கே பகிரப்பட்டது. சிங்கள இளைஞர்களும் மதகுருமாரும் அதில் கலந்துகொண்டார்கள். கொழும்பின் நடுவில் இப்படியொன்று நடக்குமென்று எம்மில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

எமது குழுவிலிருக்கும் தங்கை ஒருவர், பதின்மூன்று வருடங்களாக அந்த நாளில் அறையின் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் விளக்கேற்றி வந்தவர். அன்று அவர் பஸ் பிடித்துப் போய், முதலில் தூரத்தில் நின்றார். பிறகு கிட்டப் போனார். முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பெண்பிள்ளை இரண்டு கைகளாலும் கஞ்சியை நீட்டினாள்.

"சந்தோசம் எண்டு சொல்ல ஏலாதக்கா. ஆனால் ஜன்னலைச் சாத்தாமல் அழுதது அண்டைக்குத்தான்" என்றார்.

ஒரு கோப்பைக் கஞ்சி நீதியாகிவிடாது; காணாமலாக்கப்பட்டவர்களுக்கு அது பதிலுமாகாது. இதை அந்தத் தங்கையே சொன்னார். இருந்தும், அதை இரண்டாவது தாளில் எழுத வேண்டுமென்று கேட்டதும் அவர்தான்.

செப்டெம்பர் 11

அந்த ஆண்டு ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் போட்டிகள் இலங்கையில் நடக்கவேண்டியிருந்தன. நெருக்கடி காரணமாக அவை ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாற்றப்பட்டன. செப்டெம்பர் 11 ஆம் திகதி துபாயில் நடந்த இறுதிப் போட்டியில் இலங்கை 23 ஓட்டங்களால் பாகிஸ்தானை வென்றது. பத்திரிகைகளில் அதுவே பெரிதாக வந்தது.

அதே நாளில் சிங்கப்பூரில் இன்னொரு வெற்றி. ஆசிய வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டியில் இலங்கைப் பெண்கள் அணி சிங்கப்பூர் அணியை 63க்கு 53 என்ற கோல் கணக்கில் வென்று, ஆறாவது தடவையாகக் கிண்ணத்தைப் பெற்றது. அந்த அணியில் கோல் போட்டவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். யுத்தத்துக்குள் வளர்ந்தவர். ஆறடி பத்து அங்குல உயரமுடையவர். அப்போது நாற்பது வயதைக் கடந்திருந்தார். அடுத்த ஆண்டு, 2023 இல், கேப்டவுனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலும் அவர் விளையாடினார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வளவில், பக்கத்து அறைப் பெண்ணின் கைத்தொலைபேசியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று ஆட்டத்தைப் பார்த்தார்கள். அவர்களில், கடைசிக்கட்ட யுத்தத்தின்போது மகனைத் தொலைத்த தாயொருவரும் இருந்தார். தர்ஜினி பந்தைப் பிடித்துக் கோல் போடும் ஒவ்வொரு தடவையும் அவர் கைதட்டிக் கத்தினார். வளவுப் பிள்ளைகள் அவரைக் கட்டிப்பிடித்தார்கள்.

கூட்டத்தில் இந்தச் சம்பவத்தை வேறொருவர்தான் சொன்னார். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார். தாளில் எதுவும் எழுதவில்லை.

சிரித்தால் மறந்ததாகுமா?

கூட்டம் முடிந்த பிறகு அவர் என்னுடன் பஸ் தரிப்பிடம்வரை நடந்து வந்தார்.

"அண்டைக்கு இரவு முழுக்க நித்திரை இல்லைப் பிள்ளை. என்ரை பிள்ளை எங்கை கிடக்குதோ தெரியாது, நான் பந்தடி பாத்துக் கத்திறன். சனம் என்ன நினைக்கும்? அவன்தான் என்ன நினைப்பான்?"

எமது பெண்களில் எத்தனை பேரிடம் இந்தக் கேள்வி இருக்கிறது! கணவனை இழந்த பெண் நிறச்சேலை உடுத்தால் கதைக்கும் சமூகம், பிள்ளையைத் தேடும் தாய் சிரித்தாலும் கதைக்கும். மற்றவர்கள் கதைக்காவிட்டாலும் எமது மனமே எம்மைக் குற்றஞ்சாட்டும்.

அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இப்படிப்பட்ட இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நிலையில், துக்கத்தை முடிக்கவும் இயலாது, தொடரவும் இயலாது. இது அந்தத் தாயின் மனப் பலவீனமல்ல. அவர் வைக்கப்பட்டிருக்கும் நிலைமைதான் அப்படிப்பட்டது. இந்நிலையில் ஒரே மனதில் இரண்டு உணர்வுகள் ஒருங்கே இருக்க இடம்கொடுக்க வேண்டும் என்பது அவரது கருத்து. மகன் வரக்கூடும், வராமலும் போகக்கூடும். நான் அவனைத் தேடுகிறேன், இன்று வாழவும் செய்கிறேன் என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னோர் ஆய்வும் இங்கு நினைவுக்கு வருகிறது. 1990களில் சான்பிரான்சிஸ்கோ நகரில் சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளர், எயிட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்தவர்களைப் பராமரித்த துணைவர்களைத் தொடர்ந்து நேர்கண்டார். அந்நோய்க்கு அக்காலத்தில் நல்ல சிகிச்சை இல்லை. ஆய்வுக்குழு மனஅழுத்தம் தரும் சம்பவங்களை மட்டுமே கேட்டுவந்தது. சில நேர்காணல்களுக்குள்ளேயே, "நீங்கள் முக்கியமான ஒன்றைக் கேட்கத் தவறுகிறீர்கள்" என்று பராமரிப்பாளர்களே சொன்னார்கள். நல்ல சம்பவங்களையும் கேட்கத் தொடங்கியபோது, ஏறக்குறைய எல்லோரிடமும் சொல்வதற்கு ஏதாவது இருந்தது. ஒரு நல்ல சாப்பாடு, நண்பரின் ஒரு வார்த்தை, பூத்திருந்த ஒரு செடி. அந்தச் சிறிய சந்தோசங்கள் அவர்களது துக்கத்தை இல்லாமற் செய்யவில்லை. நெடுநாள் சுமையைத் தாங்குவதற்கு இடையிடையே மூச்சுவிட உதவின.

கொட்டாஞ்சேனை அம்மா என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். சமூகவியல் படித்து, இத்தனை வருடம் களத்தில் வேலை செய்தும், அவர் சொல்லும்வரை நான் அதைக் கேட்டதில்லை.

பஸ் தரிப்பிடத்தில் அந்தத் தாயிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "மகன் கூட இருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பான் அம்மா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அவன் என்னைவிடக் கூடக் கத்தியிருப்பான்" என்றார்.

நாம் என்ன செய்யலாம்?

சந்தோசமாக இருங்கள் என்று யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. நிவாரணம் தரவேண்டியவர்கள், நீதி வழங்கவேண்டியவர்கள், "இருப்பதைக் கொண்டு மகிழுங்கள்" என்று எமக்குச் சொன்னால் அதை நாம் ஏற்றுக்கொள்ளவும் கூடாது. ஆனால் எம்மிடையே நாம் செய்துகொள்ளக்கூடிய சில சிறிய காரியங்கள் உண்டு.

கூட்டங்களில் இரண்டு தாள்கள் ஒட்டுவோம். கஷ்டத்தை முதலில் எழுதுவோம். அது எழுதப்படாவிட்டால் இரண்டாவது தாள் பொய்யாகிவிடும். இரண்டாவதில் எழுத விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம்.

எமக்குத் தெரிந்தவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். யுத்தக் கதை என்றால் குண்டும் இடப்பெயர்வும் மட்டுமல்ல. பங்கருக்குள் பிள்ளைக்குச் சொன்ன கதையும், இல்லாத சாமான்களோடு செய்த பலகாரமும் அதில் உண்டு.

பிடி அரிசிப் பழக்கத்தைக் கைவிடாதிருப்போம். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைப்பது எமது தாய்மார் செய்தது. 2022 இல் எங்கள் குழுவில் எட்டு வீடுகள் இதைச் செய்து, மாதத்தில் ஒரு நாள் சேர்ந்து சமைத்தன. அன்றைக்கு யாரும் கடைசியில் சாப்பிடவில்லை. எல்லாப் பெண்களும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். இரண்டாவது தாளில் அதிகம் பேர் கையெழுத்திட்ட விடயம் இதுதான்.

சிரிக்கும் பெண்ணைப் பற்றிக் கதைக்காதிருப்போம். இதற்குக் காசு செலவில்லை.

நித்திரையின்மை, சாப்பிட மனமின்மை, வாழ்வதில் வெறுப்பு என்பன வாரக்கணக்கில் நீடித்தால், அதைச் சிறிய சந்தோசங்களால் சரிசெய்ய முயலாமல், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ உளவளத்துணையாளரிடமோ செல்லுங்கள். அப்படிச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாய் நேரத்துக்கே வந்துவிட்டார். பழைய தாள் சுவரில் அப்படியே இருந்தது. பேனையை வாங்கி, கீழே மிச்சமிருந்த இடத்தில், நடுங்கும் எழுத்தில் எழுதினார்: "தர்ஜினி கோல் போட்ட அண்டைக்கு நான் கத்தினனான். மகனுக்கும் சேத்து."

அதன் பிறகு, மகனின் படத்தை எடுத்துக்கொண்டு, வழமையாகப் போகும் அலுவலகத்துக்குப் போவதற்காக எழுந்து சென்றார்.